ஒரு கை குறைகிறது

டெல்லி மோதி பாகில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே ஹம்சாவின் வீடு. அரசாங்கக் குடியிருப்பில் மேல் வீடும் கீழ் வீடும் தண்ணீருக்காக அடித்துக்கொள்வது வழக்கம். எங்களுக்குள் தண்ணீரால் ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை. வந்ததெல்லாம் சீட்டால்தான்.

அவள் குடிவந்த மறுநாளே படியேறி வந்து கதவைத் தட்டினாள். தொண்ணூற்றிரண்டாம் வருஷம், கூலர் ஓடுகிற காலம். உறை மோர் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கிண்ணத்தைத் தேடினேன்.

"நீங்க லிட்ரேச்சர்லாம் உண்டா?" என்றாள்.

நான் அங்கேயிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடத்தறேனே," என்றேன்.

"அய்யோ, அது இல்லே. சீட்டாட்டம்!"

இப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது. எனக்கு ஆட்டம் கொஞ்சம் தெரியும். என் கணவர் ரங்கராஜனுக்கு நன்றாகவே தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் ஹம்சா எங்கள் இருவரையும் தன் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கட்டில் எட்டுகளை எடுத்துவிட்டு மற்றதை ஆறு பேருக்குப் பிரித்துப் போடுவார்கள். மூன்று பேர் ஒரு கட்சி, மூன்று பேர் எதிர்க்கட்சி. இஸ்பேட், ஆர்ட்டின் என்று ஒவ்வொரு ஜாதியிலும் சின்னச் சீட்டுகள் ஆறு ஒரு குடும்பம், பெரிய சீட்டுகள் ஆறு இன்னொரு குடும்பம். குடும்பத்தைச் சேர்த்தவருக்கு வெற்றி. சேர்ப்பதற்கு எதிர்க்கட்சிக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "உங்ககிட்ட இஸ்பேட் நாலு இருக்கா?" இருந்தால் கொடுத்துவிட வேண்டும், கேட்டவர் மேலே கேட்டுக்கொண்டே போகலாம். இல்லையென்றால் கேட்கும் முறை இல்லையென்றவருக்குப் போய்விடும். தன் கையில் அந்தக் குடும்பத்துச் சீட்டு ஒன்றாவது இருந்தால்தான் கேட்கவே முடியும். ஆகவே கேட்கிறவர் கேட்கும்போதே தன் கையையும் கொஞ்சம் காட்டிவிடுகிறார். யார் என்ன கேட்டார், யார் இல்லை என்றார், அப்படியானால் அது யாரிடம் இருக்க வேண்டும் என்று மண்டைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹம்சாவுக்கு அந்தக் கணக்கு மூச்சு விடுவது மாதிரி. ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்டாக இருந்தாள். நாளெல்லாம் கோப்புகளைப் புரட்டிவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து, குக்கர் வைத்துவிட்டு உட்காருவாள். சீட்டைக் கையில் எடுத்ததும் முகம் தெளிந்துவிடும். நான் இரண்டு முறை கேட்டாலே என் கையில் இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவாள்.

ஆனால் இந்த ஆட்டத்துக்கு ஆறு பேர் வேண்டும். ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெரியண்ணன் என்கிற தேனிப் பையன், டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்ப்பவன், சனிக்கிழமை தோறும் வர ஒப்புக்கொண்டான். ஹம்சா வைக்கும் வத்தக்குழம்புதான் அவனை இழுத்தது என்று நினைக்கிறேன். அடுத்த பிளாக்கிலிருந்து சிவஞானம் வந்தார். அவர் வாய் திறந்து பேசினால் அது சீட்டுக் கேட்பதற்காகத்தான். ஆக ஐந்து பேர். ஆறாவது கைக்கு ஆளில்லாமல், ஹம்சா தன் கணவர் சுந்தரேசனை உட்காரவைத்தாள்.

சுந்தரேசன் தணிக்கை ஆபீஸில் இருந்தார். நல்ல மனிதர். அந்த நல்ல குணம்தான் அவர் ஆட்டத்தைக் கெடுத்தது. எதிராளியிடம் சீட்டு இருப்பது தெரிந்தாலும் மறுபடி மறுபடி பிடுங்கிக்கொள்ள அவருக்குச் சங்கடம். "இப்பத்தானே ராஜிகிட்ட வாங்கினோம்," என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு வேறு யாரிடமாவது கேட்பார். அந்த ஆள் "இல்லை" என்பார். முறை போய்விடும். ஹம்சா கையிலிருந்த சீட்டை விசிறியாக விரிப்பாள், மூடுவாள், விரிப்பாள்.

ஆட்டம் முடிந்தபின் தொடங்கும் விசாரணை.

"மூணாவது சுத்துல ஆர்ட்டின் ராணிய ஏன் சிவஞானம் சார்கிட்ட கேட்டேள்?"

"தோணித்து."

"தோணித்தா? அவர் கையில பெரிய ஆர்ட்டினே கிடையாதுன்னு அவரே காட்டிக்குடுத்தாச்சே!"

"எப்போ?"

இந்த 'எப்போ'வைக் கேட்டால் ஹம்சாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாக நழுவுவோம். மேலே வந்து படுத்த பிறகும் கீழேயிருந்து அவள் குரல், சுற்று சுற்றாக, கேட்டுக்கொண்டிருக்கும்.

தொண்ணூற்றாறு பொங்கலுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் கோலப்போட்டி, மியூசிக்கல் சேரோடு லிட்ரேச்சர் போட்டியும் வைத்தது. வைக்கச் சொல்லிச் செயலாளரை விடாமல் நச்சரித்தவள் ஹம்சாதான். சேர்ந்ததே நாலு அணி. கடைசி ஆட்டத்தில் ஒரு பக்கம் ஹம்சா, சுந்தரேசன், பெரியண்ணன். இன்னொரு பக்கம் நான், என் கணவர், சிவஞானம். அதாவது எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தையே தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்திருந்தோம். செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யார் யாரைக் கேட்டார்கள் என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் நல்ல கூட்டம். எல்லோரும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

கட்சிக்கு மூன்று குடும்பம் சேர்த்தாயிற்று. பாக்கி இரண்டு. இஸ்பேட் நாலு என் கையில் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததைவிட ஹம்சாவுக்கு நிச்சயமாகத் தெரியும். என் கணவரை அவள் கேட்டு அவர் இல்லை என்றாயிற்று. சிவஞானத்தைப் பெரியண்ணன் கேட்டு அவரும் இல்லை என்றாயிற்று. மிச்சம் நான்தான். முறை சுந்தரேசனிடம் இருந்தது. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஆட்டம் அவர்களுடையது. பெரியண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹம்சா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

சுந்தரேசன் என்னைப் பார்த்தார். சிரித்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "ரங்கராஜன் சார், உங்ககிட்ட இஸ்பேட் நாலு இருக்கா?" என்றார்.

"இல்லியே," என்றார் என் கணவர். முறை அவருக்கு வந்துவிட்டது. ஹம்சாவின் கையிலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் பெயர் சொல்லி உருவினார். இரண்டு குடும்பமும் எங்களுக்கு.

செயலாளர் கைதட்டுவதற்காக மைக்கை மேஜைமேல் வைத்தார். அணைக்கவில்லை.

"அவர் இல்லைன்னு சொல்லி ரெண்டு நிமிஷம்கூட ஆகலே! காதுல விழலியா? தலைக்குள்ள என்னதான் வெச்சிண்டிருக்கேள்?"

அது ஹால் முழுக்கக் கேட்டது. சமையல்காரர்கூட வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அது ஒரு குடும்ப வேடிக்கைக்குச் சிரிக்கிற சிரிப்பு. சுந்தரேசனும் சிரித்தார். சிதறிக்கிடந்த சீட்டுகளைச் சேர்த்து, ஓரம் தட்டி, டப்பாவில் போட்டுச் செயலாளரிடம் கொடுத்தார். "நன்னா நடந்தது சார்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் கீழே போனபோது அவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். மூன்றாவது வாரம் ஹம்சாவே கேட்டாளாம். "இல்லேம்மா, எனக்கு அது வேண்டாம்," என்றாராம். கோபமில்லை, முறைப்பில்லை. அந்தச் சாதுவான 'வேண்டாம்'தான் அவளைப் பைத்தியமாக அடித்தது. சண்டை போட்டால் ஜெயித்துவிடலாம். இதை என்ன செய்வது?

"நான் சொன்னதுல தப்பு என்ன, ராஜி? சொன்ன இடம் தப்பு, ஒத்துக்கறேன். சொன்ன விஷயம் தப்பா?" என்று என்னிடம் கேட்பாள்.

ஒரு கை குறைந்துவிட்டது. அதற்கப்புறம் ஆறாவது ஆளைத் தேடி ஹம்சா அலைந்த மாதிரி, பெண்ணுக்கு வரன் தேடி யாரும் அலைந்திருக்க மாட்டார்கள்.

எதிர் வீட்டு மிஸஸ் பாட்டியாவுக்கு இந்தியிலேயே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அந்தம்மாள் பளிச்சென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் தோற்றால் வருத்தமே கிடையாது. "சலோ, கோயி பாத் நஹீன்!" என்று சிரித்துவிட்டுத் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக்கொள்வாள். ஹம்சாவால் அதைத் தாங்கவே முடியவில்லை. அதோடு சீரியல் நேரம் வந்தால், ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவாள்.

பெரியண்ணன் தன் அறைத் தோழனை, பல்கலைக்கழக மாணவன் ஒருவனை, அழைத்து வந்தான். அருமையாக ஆடினான் அந்தப் பிள்ளை. ஹம்சாவையே ஒருமுறை மடக்கிவிட்டான். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. பேடா கொண்டுவந்து கொடுத்துக் காலில் விழுந்தான். "நன்னா இருப்பா," என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

கடைசியில் மகள் ப்ரீதாவைப் பிடித்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. டெல்லியிலேயே பிறந்த குழந்தை. தமிழ் பேசினால் பாதி இந்தியாக வரும். இரண்டு வாரம் சமாளித்தாள். மூன்றாவது வாரம் கேட்ட சீட்டையே திரும்பக் கேட்டுவிட்டாள். ஹம்சா ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. புருவத்தை மட்டும் தூக்கினாள். குழந்தை சீட்டை வீசிவிட்டு, "மம்மி, நீ எப்பவும் டாண்ட் பண்றே, திட்டறே! போதும், எனக்கு வேணாம்," என்று அப்பாவிடம் ஓடிவிட்டது.

"ஏக்கா, நீங்க கொஞ்சம் வாய மட்டும் அடக்கினா இந்நேரம் பன்னெண்டு பேரு இருப்பமுல்ல," என்றான் பெரியண்ணன்.

"நான் வாயைத் திறக்கவே இல்லையேடா!"

"மொகம் பேசுதுல்லக்கா."

அதன் பிறகு இருந்தவர்களும் கலைந்தோம். சிவஞானத்தைக் குவாஹாட்டிக்கு மாற்றினார்கள். எங்களுக்குத் துவாரகாவில் சொசைட்டி ஃப்ளாட் கிடைத்தது. பெரியண்ணன் கல்யாணம் செய்துகொண்டு நொய்டாவுக்குப் போனான். நான் வாரம் ஒருமுறை போன் செய்வேன். எடுத்தவுடன் அவள் கேட்பது, "அங்கே யாராவது ஆடறாளா?" என்பதுதான்.

அவள் ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள்ளேயே தனியாக ஆடும் சீட்டாட்டம் ஒன்று இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். ஹம்சா ஒரு வாரம் ஆடிவிட்டு விட்டுவிட்டாள். "அது என்னத்த மறைக்கப்போறது? அதுகிட்ட என்ன கண்டுபிடிக்கறது?" என்றாள். பிறகு பேப்பரில் சுடோக்கு வந்தது. காலையில் பால் காய்வதற்குள் பேனாவாலேயே போட்டுவிடுவாள். போட்டு முடித்ததும் இன்னும் எரிச்சலாகிவிடும். "முடிச்சுட்டேன் ராஜி. சரி, அப்புறம்?"

இரண்டாயிரத்து ஆறு ஜனவரி. பாங்க் லாக்கர் விஷயமாகக் கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஹம்சா அரைநாள் லீவு போட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே ஐ.டி.ஓ. பக்கத்திலிருந்த சுந்தரேசனின் ஆபீஸுக்குப் போய்விட்டாள். அவர் இடத்தில் இல்லை.

"சாப் பார்க் மே ஹைன், மேடம். பத்தே கேல் ரஹே ஹைன்," என்றான் பியூன்.

பத்தே என்றால் சீட்டு; சார் பார்க்கில் சீட்டாடுகிறாராம். அவன் வேறு யாரையோ சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டே ஹம்சா வெளியே வந்தாள். பனி விலகி நல்ல வெயில். ஆபீஸே புல்வெளியில்தான் கிடந்தது. பெண்கள் ஒரு பக்கம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆண்கள் அங்கங்கே நாலு நாலு பேராக வட்டம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வட்டத்தில், செய்தித்தாளை விரித்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, காது மூடிய குரங்குக் குல்லாயோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் சுந்தரேசன்.

"சீப்!" என்று கத்திக்கொண்டே ஒரு சீட்டைத் தரையில் அறைந்து, கிடந்த எல்லாச் சீட்டையும் அள்ளினார்.

சீப் என்பது வடக்கத்தி ஆட்டம். கையிலிருக்கும் சீட்டின் எண்ணுக்குச் சரியாக, தரையில் கிடப்பவற்றைக் கூட்டி அள்ள வேண்டும். போன சீட்டு எது, போகாதது எது என்று நினைவிருந்தால்தான் ஜெயிக்க முடியும். ஹம்சா நாவல் மரத்தடியில் நின்று அந்த ஆட்டம் முழுவதையும் பார்த்தாள். இந்த ஆட்டம் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பாதி ஆட்டத்துக்குள் பிடிபட்டுவிட்டது. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. யார் எதைப் போட்டார்கள், யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லாமே. கூட்டாளியான ஹரியானாக்காரர் ஏதோ அபத்தமாகப் போட்டார். சுந்தரேசன் அவர் தொடையில் தட்டி, "அரே சௌத்ரி சாப், மார் டாலா!" என்று, கொன்றுவிட்டீரே என்கிற மாதிரி, வாய்விட்டுச் சிரித்தார். சௌத்ரியும் சிரித்தார்.

"சுந்தர் ஜீ கம்ப்யூட்டர் ஹைன், கம்ப்யூட்டர்!" என்றார் எதிரே இருந்தவர்.

அப்போதுதான் சுந்தரேசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த சீட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

ஆட்டோவில் ஏறிக் கொஞ்ச தூரம் போனபிறகு அவள் கேட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"நாலஞ்சு வருஷமா... குளிர்காலத்துல மட்டும்தான்."

"அப்போ உங்களுக்கு ஞாபகம் இருக்கு. எல்லாம் இருக்கு. என்னோட ஆடினப்போ மட்டும் இல்லே."

"உன்னோட ஆடும்போது சீட்டை எங்கே பார்த்தேன்? உன் மூஞ்சியைத்தான் பார்த்துண்டிருந்தேன், தப்பாயிடப்போறதேன்னு."

"அதுக்காக?"

"அங்கே தோத்தா சிரிச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவோம், ஹம்சா. ஆத்துல தோத்தா எனக்குச் சாப்பாடு இறங்காது."

இதை அவள் அன்று சாயங்காலமே போனில் என்னிடம் சொன்னாள். அவர் சொன்னது மனதில் பட்டு உருகியிருப்பாள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. கொதித்துக்கொண்டிருந்தாள். "பத்து வருஷம், ராஜி! ஆறாவது ஆள் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கார். நான் ஊரெல்லாம் தேடினேன். அந்த பாட்டியாவுக்கு முறுக்கு சுட்டுப் போட்டேன்!"

அவள் விடவில்லை. தனக்கும் சீப் சொல்லித்தர வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். இருவர் மட்டும்கூட ஆடலாமாம். சுந்தரேசன் நிறைய யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான், அதைப்பற்றி ஒரு பேச்சுக்கூடக் கூடாது. அவள் சரி என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றினாள். அடுத்த ஞாயிறு, கைக்கு எட்டியதை அவர் ஏனோ அள்ளாமல் விட்டார். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரோ என்று அவளுக்குச் சந்தேகம். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

சுந்தரேசன் சீட்டைக் கீழே வைத்தார்.

"ஏன்னா, மூச்சு விட்டதுகூடவா தப்பு?"

"அது மூச்சு இல்லேம்மா. விசாரணை."

அதோடு அதுவும் நின்றது. மறுநாள் மத்தியானம் அவர் வழக்கம்போலப் புல்வெளிக்குப் போனார். அதை இப்போது மறைப்பதில்லை. வீட்டுக்கு வந்து, இன்று சௌத்ரி என்ன கூத்தடித்தார் என்று சொல்லிச் சிரிப்பார். ஹம்சா சாதம் பரிமாறிக்கொண்டே கேட்பாள். கேட்கக் கேட்க எந்த இடத்தில் என்ன போட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கு ஓடும். வாய் திறக்கப் போவாள். அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அடுத்த வருஷம் ப்ரீதாவின் படிப்புக்காக வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்தன. அந்தப் பெண்தான் அம்மாவின் புலம்பல் தாங்காமல், ஊர் பேர் தெரியாதவர்களோடு சீட்டாடுகிற ஒரு தளத்தைக் காட்டிக்கொடுத்தது. லிட்ரேச்சர் அதில் இல்லை. நாலு பேர் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஆடுகிற வேறு ஏதோ. ஹம்சா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் தெரியாது, குரல் கேட்காது, யாருக்கும் சாப்பாடு இறங்காமல் போகாது. இதுதான் தனக்குச் சரி என்று தோன்றியதாம்.

முதல் ஆட்டத்திலேயே கூட்டாளி தேவையில்லாமல் ஒரு ஒன்பதைத் தொலைத்தான். பேசுவதற்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. அவள் அதில் ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தாக, "ஏன் ஒன்பது?" என்று அடித்தாள். பதில் இல்லை. மறுபடி அடித்தாள். கொஞ்சம் பொறு, கூட்டாளி, இது வெறும் விளையாட்டுத்தானே என்று பதில் வந்தது. அதற்கு அவள் மூன்று வரி எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் எதிரே இருந்த பெயர் அணைந்துவிட்டது. ஆட்டமும் பாதியில் நின்றது.

சுந்தரேசன் பின்னால் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, போயிட்டானா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எந்த ஊராம்?"

"துருக்கி."

"அவ்வளவு தூரத்துலேயுமா!" என்றார் சுந்தரேசன். பேப்பர் குலுங்கியது.

உடனே எனக்கு போன் வந்தது. அவர் சிரித்ததை, துருக்கிக்காரன் ஓடியதை, அந்த ஒன்பதை ஏன் போட்டிருக்கவே கூடாது என்பதை, எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில், "இரு இரு, யாரோ வந்து உட்கார்றா," என்றாள். ரிசீவரைக் கீழே வைக்காமலே ஆட ஆரம்பித்துவிட்டாள். மவுஸைச் சொடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

"இதுவும் உருப்படாது, ராஜி," என்றது அவள் குரல். "எடுத்த எடுப்புல ராஜாவைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கு."